காலியான நாற்காலியை யார் கவனிப்பது?

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் போனேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான்தான் பொருளாளர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். அதைச் செலுத்தாதவர்கள் பட்டியலில் அந்த வீட்டுக்காரரின் பெயர் இருந்தது. அவர் ஒருபோதும் நிலுவை வைத்தவரல்லர். கதவு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டு அம்மையார் வெளியே வந்து, "அவங்க தவறி ஒரு மாசம் ஆகுதே சார், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது. மின்வாரியத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி முன்பே காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். ஒன்பது ஆண்டுகள் மூன்றாவது வரிசையில், சன்னலை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்திருந்தார். கேள்விகளை வாய்விட்டுக் கேட்கமாட்டார். கிழித்தெடுத்த நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி அனுப்புவார். பேச்சாளர் யாராயினும் அந்தத் தாளுக்குச் சற்று அஞ்ச வேண்டியிருக்கும். பணமதிப்பு நீக்கம் பற்றியும், மின்கட்டண மானியம் பற்றியும் அவருடைய கருத்துகள் எனக்கு மனப்பாடம். ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்ததும், கடைசி மூன்று வாரங்களாக ஒரு காலில் புண் ஆறாமல் வீட்டிலேயே கிடந்ததும் அந்த அம்மையார் சொல்லித்தான் தெரிந்தன. அந்த மூன்று ஞாயிறுகளிலும் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. நாங்கள் மாநில நிதிநிலை அறிக்கையை விவாதித்துக்கொண்டிருந்தோம்.

வாரந்தோறும் கூடிப் பேசும் மதச்சார்பற்ற அமைப்புகள் உலகெங்கும் ஏன் தழைப்பதில்லை, சில மட்டும் எவ்வாறு நிலைக்கின்றன என்ற கேள்வி பொருளியல் மாணவன் என்ற முறையில் எனக்குப் பழையதுதான். அந்தப் பூட்டிய கதவின் முன் நின்றபோது அது எனக்குப் புதிதாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் அமைத்த சமூக இணைப்புக்கான ஆணையம் 2025 சூன் இறுதியில் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதனோடு தொடர்புண்டு என்றும் அது மதிப்பிட்டது. மணிக்கு ஏறத்தாழ நூறு உயிர்கள். அறிக்கையில் என்னை நிறுத்திவைத்தது வேறொரு புள்ளிவிவரம். செல்வ நாடுகளில் தனிமையை உணர்வதாகக் கூறியோர் சுமார் 11 விழுக்காடு. வருவாய் குறைந்த நாடுகளில் சுமார் 24 விழுக்காடு. தனிமை என்பது மேலைநாட்டு நோய், கூட்டுக்குடும்பமும் கோயில் கொடையும் உள்ள நமக்கு அது வராது என்று மேடைதோறும் சொல்லிவந்த ஆறுதலுக்கு இதில் இடமில்லை. முதியோர் மட்டுமல்லர், பதின்பருவத்தினரும் இளைஞர்களுமே இதில் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பது அடுத்த செய்தி.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் நெருக்கமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட அரசின் கணிப்புகளின்படி, 2021-இல் நம் மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-இல் இது 18.2 விழுக்காடாகும். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட தெருக்கள் திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ உண்டு. மாலையில் அந்தத் தெருக்களில் நடப்பவர்களுக்கு இந்த விழுக்காடுகளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆதாம் சுமித்தின் 'நாடுகளின் செல்வம்' 1776-இல் வெளிவந்தது. சந்தையைப் பற்றிய நூல் என்றே அதை நாங்கள் வகுப்பில் நடத்துவோம். அதன் ஐந்தாம் பகுதியில் சமய நிறுவனங்களைப் பற்றிய ஒரு நீண்ட பிரிவு இருக்கிறது. தேர்வுக்கு வராது என்பதால் மாணவர்களும், உண்மையைச் சொன்னால் ஆசிரியர்களும், அதைப் புரட்டுவதில்லை. கிராமத்தில் எளியவன் ஒருவனின் நடத்தையை ஊரே கவனிக்கிறது. அவன் பெருநகரத்துக்கு வந்ததும் அவனைக் கவனிப்பார் எவருமில்லை, அவனும் தன்னைக் கைவிட்டுவிடுகிறான். அந்த இருளிலிருந்து அவனை மீட்பது ஏதேனும் ஒரு சிறு சமயக் குழுவின் உறுப்பினராவதே என்பது சுமித்தின் வாதம். அத்தகைய குழுக்களில் கடுமை மிகுந்துவிடும் என்று அஞ்சிய அவர், இரண்டு மாற்று மருந்துகளையும் குறிக்கிறார்: அறிவியலும் தத்துவமும் பயிலுதல், பொதுக் கேளிக்கைகளை அரசு தடையின்றி அனுமதித்தல். இரண்டையும் ஒரே அறைக்குள் சேர்த்துப் பார்த்தால், கிட்டத்தட்ட நாம் பேசிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கிடைத்துவிடும்.

2014 கோடை விடுமுறையில் மகளைப் பார்க்க இலண்டன் சென்றிருந்தபோது அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தை நேரில் கண்டேன். சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா இவான்ஸ் என்னும் இரு நகைச்சுவைக் கலைஞர்கள் 2013 சனவரியில் வட இலண்டனில், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் 'சண்டே அசெம்பிளி' என்ற கூட்டத்தைத் தொடங்கினார்கள். கடவுள் இல்லாத தேவாலயம் என்று இதழ்கள் அதற்குப் பெயர் வைத்தன. நான் போனபோது கூட்டம் கான்வே ஹாலுக்கு மாறியிருந்தது. எல்லாரும் எழுந்து நின்று திரைப்பாடல் போன்ற மெல்லிசைப் பாடல்களைப் பாடினார்கள். ஒருவர் அறிவியல் பற்றிச் சிறிது நேரம் பேசினார். சற்று நேரம் மௌனம். பிறகு தேநீரும் கேக்கும். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பாடலுக்கு வாயசைத்துவிட்டு, தேநீருக்காகக் காத்திருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேநீர் வேளையில் முன்பின் அறியாத மூவர் என்னிடம் வந்து, எங்கிருந்து வருகிறேன், இலண்டனில் யாரோடு தங்கியிருக்கிறேன் என்று விசாரித்தார்கள். முப்பது ஆண்டுகள் கருத்தரங்குகளுக்குப் போய்வந்த எனக்கு அது புதிது.

அந்த இயக்கம் வெகுவேகமாகப் பரவியது. சில ஆண்டுகளில் பல நாடுகளில் எழுபது கிளைகள் வரை இருந்தன. 2019 வாக்கில் அவை நாற்பதளவுக்குச் சுருங்கிவிட்டன. இத்தனைக்கும் அதே காலத்தில் அதற்கான 'சந்தை' விரிந்துகொண்டே போயிற்று. இங்கிலாந்து, வேல்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் இல்லை என்று பதிவுசெய்தோர் 2011-இல் 25.2 விழுக்காடு, 2021-இல் 37.2 விழுக்காடு. கிறித்தவர்கள் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே, 46.2 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். வாடிக்கையாளர் பெருகும்போது கடை சுருங்குவதைப் பொருளியல் எப்படி விளக்கும்?

லாரன்ஸ் இயானக்கோன் என்ற பொருளியலாளர் 1992-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒரு விடையைத் தருகிறது. சமயக் குழு என்பது உறுப்பினர்களே உற்பத்தி செய்து, உறுப்பினர்களே நுகரும் ஒரு பண்டம். அங்கு பாடுபவர் மிகுந்தால் பாட்டு இனிக்கும். உதவுபவர் மிகுந்தால் உதவி கிடைக்கும். ஆகவே ஒன்றும் தராமல் பயனை மட்டும் பெற வருபவர்தாம் அதன் முதல் எதிரி. உணவுக் கட்டுப்பாடு, உடைக் கட்டுப்பாடு, காணிக்கை என்று வெளியாருக்குப் பொருளற்றவையாகத் தோன்றும் சுமைகள், அரைமனத்தோரை வாயிலிலேயே வடிகட்டிவிடுகின்றன. ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானிடவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய 200 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்தார். எந்தவோர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும், மதச்சார்பற்றவை கலைந்துபோகும் வாய்ப்பு, மதம் சார்ந்தவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் முடிவு எளிது: கடவுள் இல்லாத கூட்டம் நிலைக்காது. என் சக பேராசிரியர்கள் சிலர் அப்படித்தான் கூறுவார்கள். நான் உடன்படவில்லை. முதற்காரணம் நான் நின்றிருந்த அந்தக் கட்டடமேதான். கான்வே ஹாலை நடத்தும் சங்கத்தின் வேர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்கின்றன. கிறித்தவத்தின் ஒரு கலகக்கிளையாகத் தோன்றி, படிப்படியாகக் கோட்பாடுகளைக் களைந்து, 1888-இல் அது ஓர் அறநெறிச் சங்கமாயிற்று. பழைய ஆலயக் கட்டடத்தை விற்று, ரெட் லயன் சதுக்கத்தில் 1929-இல் கான்வே ஹாலைத் திறந்தார்கள். ஞாயிறு உரைகளும் ஞாயிறு இசை நிகழ்ச்சிகளும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகின்றன. இந்த நீடிப்பின் இரகசியம் கொள்கையில் இல்லை, வாடகையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு அரங்கை வாடகைக்கு விட்டுத்தான் சங்கம் தன் செலவின் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. சண்டே அசெம்பிளி வாடகை கொடுத்தது. அது கூடிய அரங்கின் உரிமையாளர்கள் வாடகை வாங்கினார்கள். ஆர்வம் குன்றும் ஆண்டுகளைத் தாண்டிவர ஒருவருக்குச் சொத்து இருந்தது, மற்றவருக்கு இல்லை.

நியூயார்க்கில் ஃபீலிக்ஸ் அட்லர் 1876-இல் தொடங்கிய அறப் பண்பாட்டுச் சங்கத்தின் கதையும் இதுவேதான், ஒரு கூடுதலோடு. யூத மதகுருவின் மகனான அட்லர், நம்பிக்கையைவிடச் செயலே முதன்மை என்று பேசியதோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் உழைப்பாளர் குழந்தைகளுக்கு இலவசப் பாலர் பள்ளி ஏற்பட்டது. ஏழை நோயாளிகளின் வீடுகளுக்கே செவிலியர் அனுப்பப்பட்டனர். அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் படித்தது அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த நிறுவனத்தில்தான். மத்தியப் பூங்காவின் ஓரத்தில் இன்றும் அந்தச் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் உண்டு. அவர்களுக்கு ஞாயிறு உரை வாரத்தில் ஒரு மணி நேரம். செவிலியரோ வாரம் முழுவதும்.

இரண்டாம் காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. சென்னையில் 1880-களில் சுயசிந்தனையாளர் சிலர் கூடி, பின்னர் சென்னை லௌகிக சங்கம் என்று பெயர்பெற்ற அமைப்பை நடத்தினார்கள். 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் வார இதழ் 1882 முதல் 1888 வரை அவர்களுடைய குரலாக இருந்தது. இங்கிலாந்தின் பிராட்லா குழுவினரோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அதன்பின் 1925-இல் பெரியார் 'குடி அரசு' இதழைத் தொடங்கியதும், 1929-இல் செங்கற்பட்டு மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னதும் வரலாறு. சோசிஸ் ஆராய்ந்த அமெரிக்கக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டு இதைக் காண வேண்டும். பெயருக்குப் பின்னிருந்த சாதியை வெட்டி எறிவதும், புரோகிதரின்றி மகளுக்குத் திருமணம் செய்வதும், அந்தத் திருமணம் 1967 சட்டத்திருத்தம் வரும்வரை சட்டப்படி செல்லுமா என்ற ஐயத்தோடு வாழ்வதும் சிறிய சுமைகளா? கடவுளின் பெயரால் அல்லாமலும் மனிதர்கள் கூட்டுக்காக விலை கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விலை கொடுத்தவர்களுக்கு இயக்கமும் திருப்பித் தந்தது. திருமணத்தை அது நடத்திவைத்தது. இறப்புக்கு இரங்கல் கூட்டம் கூட்டியது. தெருமுனைப் படிப்பகத்தில் நாளிதழும் விசுப்பலகையும் போட்டுவைத்தது. கூட்டத்தின் முடிவில் துண்டுச் சீட்டில் வரும் கேள்விகளுக்குப் பெரியார் பொறுமையாக விடை சொல்வார். எங்கள் மின்வாரிய நண்பரின் நாள்காட்டித் தாள் அந்த மரபின் கடைசிக் கொழுந்து என்றே நான் எண்ணியிருந்தேன்.

படிப்பகங்கள் பின்னாளில் என்ன ஆயின என்பது தனிக் கட்டுரைக்குரியது. கட்சி அலுவலகங்களாயின சில. சுவரொட்டி ஒட்டும் சுவர்களாக எஞ்சின சில. தொலைக்காட்சியைக் குறை சொல்வது வழக்கம். ஆட்சி கைக்கு வந்தபின் படிப்பகத்துக்கு வருகிறவர், படிப்பதற்காக வராமல் சிபாரிசுக்காக வரத் தொடங்கிவிட்டார் என்பது என் கணிப்பு.

எங்கள் ஊருக்கு இன்னொரு முன்னோடியும் உண்டு. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டில் வாரந்தோறும் கூட்டிய 'வட்டத்தொட்டி'. இலக்கியத்தை நுகர்வதன்றி வேறு நோக்கமில்லாத கூட்டம் அது. அங்கே கம்பனுக்கு எவ்வளவு இடமுண்டோ அவ்வளவு இடம் விருந்தோம்பலுக்கும் உண்டு என்று சென்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாடகைச் சிக்கல் இல்லை, சொந்த வீடு. ஆனால் ஒருவருடைய வீட்டையும் ஒருவருடைய ஆளுமையையும் நம்பிய கூட்டம், அவர் குற்றாலத்துக்குக் குடிபெயரும்போது உடன்பெயர்ந்துவிடும். வாரிசுரிமையாகக் கொடுக்கக்கூடிய சொத்தல்ல ரசனை.

எங்கள் கூட்டத்தின் கணக்கைச் சொல்கிறேன். 2015 பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிறன்று தொடங்கினோம். மாலை 5 மணி. காலையில் தேவாலயம் செல்பவர்கள் எங்களில் உண்டு. அவர்களுக்காகவே மாலையைத் தேர்ந்தோம். இறைமறுப்பு எங்கள் நிபந்தனையன்று. நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் நீறோடு வரும் ஒருவர்தான் டார்வின் பற்றிய எங்கள் மிகச் சிறந்த உரையை நிகழ்த்தியவர். மதமும் சாதியும் கட்சியும் அறைக்கு வெளியே. உள்ளே உரை 40 நிமிடம், கேள்வி 40 நிமிடம், தேநீர், வடை. முதலாண்டு அறுபது பேர் வரை வந்தார்கள். ஒரு பள்ளி தன் வகுப்பறையை இலவசமாகத் தந்தது. நிர்வாகம் மாறியதும் ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். அவர்களுக்கும் மின்கட்டணமும் காவலர் சம்பளமும் உண்டு, குறைகூறவில்லை. அங்கிருந்து ஒரு தனிப்பயிற்சிக் கூடத்தின் மாடிக்குப் போனோம். முழங்கால் வலியுள்ளோர் பதினைந்து பேர் அந்தப் படிக்கட்டில் எங்களைவிட்டு நின்றுபோனார்கள். இப்போது சராசரி வருகை பதினெட்டு. பெண்கள் இருவர்.

அந்த 'இருவர்' என்ற எண்ணைப் பற்றி நான் நெடுநாள் யோசித்ததில்லை. எங்களில் ஒருவரான ஓய்வுபெற்ற செவிலியர்தான் விளக்கினார். "நான் கோயிலுக்குப் போறேன்னு சொன்னா வீட்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க சார். கூட்டத்துக்குப் போறேன்னு சொன்னா, என்ன கூட்டம், யாரு வருவாங்க, எப்ப முடியும்னு மூணு கேள்வி வரும்." ஞாயிறு மாலை 5 மணி என்பது நாங்கள் எங்கள் வசதிக்கு வைத்த நேரம். ஞாயிறன்று மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் அடுக்களையில் நிற்பது யார் என்று எங்கள் நிர்வாகக் குழுவிலிருந்த ஐந்து ஆண்களுக்கும் தோன்றவில்லை. மதச்சார்பின்மை பேசும் அமைப்புகள் பலவும் சமயநிலையங்களிடம் தோற்கும் இடம் இது. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் எவ்வளவு கட்டுப்பாடுகளை விதித்தாலும், வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு மறுக்கவியலாத ஒரு காரணத்தை மக்களுக்குத் தருகின்றன. நாங்கள் தலைப்பை மட்டுமே தருகிறோம்.

ஆனால் எங்கள் உண்மையான போட்டியாளர் வழிபாட்டுத் தலமன்று. சாதிச் சங்கம்தான். அதற்கு மண்டபம் உண்டு. கல்வி உதவித்தொகை உண்டு. மாப்பிள்ளை பார்த்துத் தர ஆள் உண்டு. இறந்தால் அமரர் ஊர்தி அனுப்பும். தனிமைக்கு நம் மாவட்டங்களில் இன்று பரவலாகக் கிடைக்கும் மருந்து அதுவே. அதன் பக்கவிளைவுகளையும் நாம் பார்த்துவிட்டோம். 2023 ஆகத்து மாதம் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதனையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் கயிறு பற்றியும் பள்ளிப் பெயர்களில் சாதி பற்றியும் அதன் பரிந்துரைகள் விரிவாக விவாதிக்கப்பட்டன. கயிற்றைத் தடை செய்யலாம். அந்தக் கயிறு அந்தப் பதினாறு வயதுப் பையனுக்குத் தந்துகொண்டிருந்த 'நீ எங்களில் ஒருவன்' என்ற உறுதியை வேறெங்கே பெறுவான் என்று கேட்டவர்கள் குறைவு. மாலை நேரத்தில் சாதி கேட்காத ஒரு அறை அவனுக்கு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது?

அரசு என்ன செய்யலாம் என்று கேட்டால், பணம் தர வேண்டாம், இடம் தந்தால் போதும் என்பேன். விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது நாம், 1948-இல். சொத்துவரியோடு நூலக வரியையும் செலுத்திவருகிறோம். உள்ளாட்சிகள் பல அதை வசூலித்தும் நூலகத்துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைத்திருப்பது செய்தியாகிக்கொண்டே இருக்கிறது. நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏட்டளவில் எங்கும் இருக்கிறது. 2022 முதல் மாவட்டந்தோறும் நடைபெறும் புத்தகத் திருவிழாக்களில் மாலை உரைகளுக்குக் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள், தமிழர்களுக்குப் பேச்சு சலித்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவை ஆண்டுக்குப் பத்து நாள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வாரந்தோறும் நடக்கும் 'பொன்மாலைப் பொழுது' தரமான நிகழ்ச்சி. நானும் இருமுறை கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரின் பெயர் தெரியாமல் வெளியே வந்தேன்.

இங்கும் சுமித் உதவுகிறார். அரசு ஊதியம் பெறும் குருமார் சோம்பிப்போகிறார்கள், மக்கள் தரும் காணிக்கையை நம்பும் சிறு சபையினர் வீடுவீடாகச் செல்கிறார்கள் என்று அவர் கண்டார். மானியம் வந்தால் நாங்களும் வீடு தேடிச் செல்லமாட்டோம். விழா மலர்தான் போடுவோம். ஆகவே வேண்டுவது, ஞாயிறு மாலைகளில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி வகுப்பறை ஒன்று; தரைத்தளத்தில், கழிப்பறையோடு, பெயரளவு வாடகைக்கு. எங்களைப் போன்ற சிறு குழு சங்கப் பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் கேட்கும் ஆவணங்களைப் பார்த்துப் பின்வாங்கி, பதினோரு ஆண்டுகளாகப் பொதுப் பணத்தைப் பொருளாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கிறது. பொருளியல் பேராசிரியர் ஒருவர் இதை அச்சில் ஒப்புக்கொள்வது அழகன்று, ஆனால் உண்மை. அந்த நடைமுறையையும் எளிதாக்கலாம்.

இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்கச் சமயவாழ்வை ஆராய்ந்த இராபர்ட் புட்னமும் டேவிட் கேம்பெல்லும் 2010-இல் வெளியிட்ட நூலில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. தேவாலயம் செல்வோர் பிறரைவிட மனநிறைவும் ஈகையும் மிக்கவர்களாக இருப்பது அவர்களுடைய நம்பிக்கையால் அன்று. அங்கே அவர்களுக்கு இருக்கும் நண்பர்களால். நம்பிக்கை ஆழமாக இருந்தும் சபையில் நட்பு இல்லாதவருக்கு அந்தப் பயன் கிட்டுவதில்லை. இதை நான் வகுப்பில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் மூன்றாம் வரிசையில் இருந்தவருக்கு எங்களில் எத்தனை நண்பர்கள் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

சென்ற கார்த்திகையில் அவருக்காக ஒரு கூட்டம் வைத்தோம். மகன் கைப்பேசியில் காணொளி வழியாகக் கலந்துகொண்டார். அப்பா ஒவ்வொரு ஞாயிறு இரவும் தொலைபேசியில் அன்றைய உரையைச் சுருக்கிச் சொல்வார், கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை என்று குறைப்படுவார் என்றார். எங்கள் வருகையின்மையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதன்பின் செவிலியர் அம்மையாரின் யோசனைப்படி சில மாற்றங்கள் செய்தோம். உரையை 25 நிமிடமாகக் குறைத்து, தேநீரை முன்னால் கொண்டுவந்தோம். பேச்சாளர்கள் சிலருக்கு வருத்தம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை 10 மணிக்குக் கூடிப் பார்க்கிறோம். அன்று பெண்கள் ஏழு பேர் வந்தார்கள், தேவாலயம் செல்பவர்கள் வரவில்லை. இன்னொன்று, பதிவேடு: பெயர், முகவரி, கைப்பேசி எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராதவருக்கு ஒருவர் தொலைபேச வேண்டும். மூன்றாவது வாரம் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. எங்களில் ஆழ்ந்து படிப்பவர், கல்லூரியில் எனக்கு இளையவர். "அண்ணாச்சி, தெருவிலயும் சொந்தத்துலயும் எல்லாரும் விசாரிச்சு விசாரிச்சு அலுத்துத்தான் நான் இங்க வாரேன். இங்கயும் வருகைப்பதிவு எடுத்தா எப்படி?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னது சிறிய விஷயமன்று. மணமாகவில்லையா, குழந்தை இல்லையா, எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் துருவாத ஒரே இடமாக எங்கள் மாடி அவருக்கு இருந்திருக்கிறது. கவனிப்புக்கும் கண்காணிப்புக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதற்கு இயானக்கோனிடமும் விடை இல்லை, சுமித்திடமும் இல்லை. நிர்வாகக் குழுவில் இரண்டு வாரம் விவாதித்தோம். விருப்பமுள்ளவர் நிரப்பலாம் என்று வைத்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு பதினாறாவது நிதிக்குழு பற்றி நான் பேச வேண்டும். குறிப்பெடுப்பதற்கு முன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் முழுவதும் எழுதியிருக்கிறார்கள். அந்த இளையவர் முகவரிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார். கைப்பேசி எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் 'இரவு 9 மணிக்கு மேல்' என்று குறித்திருக்கிறார்.